இளம் அமெரிக்காவைக் காத்தது தெருவில் இறங்கிய மக்களே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெருமக்களே, எங்கள் அணித் தலைவர் ஐயா அவர்களே, இந்த நேரத்திலும் கலையாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘இளம் அமெரிக்கக் குடியரசைக் காத்தது சட்டம் செய்த தலைவர்களா, தெருவில் இறங்கிய மக்களா?’ இதுதான் நமக்குத் தரப்பட்ட தலைப்பு. பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தான 1783 முதல் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற 1801 வரை என்று நடுவர் எல்லையும் வகுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, “மாசசூசெட்ஸில் கடன்பட்ட கும்பல் ஒன்று நீதிமன்றங்களை மூடியது, நாடு சிதறப் பார்த்தது, தலைவர்கள் கூடி அரசியல் சட்டம் எழுதி நாட்டைக் காப்பாற்றினார்கள்” என்றார். பலத்த கைதட்டல் கிடைத்தது. நான் கேட்கிறேன்: அம்மா, அந்தக் கும்பலில் இருந்தவர்கள் யார்?

டேனியல் ஷேஸ் என்று ஒருவர். பெல்ஹாம் என்ற ஊரில் சிறு விவசாயி. விடுதலைப் போர் மூண்டதும் ஏரை விட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர். பங்கர் ஹில் போர்க்களத்தில் நின்றார், சரடோகா போர்க்களத்தில் நின்றார், கேப்டனாக உயர்ந்தார். பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அவருக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுத்தார். ஊர் திரும்பிய ஷேஸ் பணமுடையால் அந்த வாளை விற்றார். நாட்டுக்காகப் போராடிய ஒரு கேப்டன் தனக்குக் கிடைத்த மரியாதையை விற்றுக் கடனடைக்க வேண்டிய நிலைக்கு யார் கொண்டுவந்தது?

போர்வீரர்களுக்குச் சம்பளம் காசாகக் கிடைக்கவில்லை. பின்னால் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த சீட்டாகக் கிடைத்தது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! வந்த விலைக்கு, எழுதியிருந்த தொகையில் சிறு பங்குக்கு, அந்தச் சீட்டுகளை விற்றார்கள். வாங்கிக் குவித்தவர்கள் பணம் படைத்தவர்கள். பிறகு மாசசூசெட்ஸ் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? அந்தச் சீட்டுகளுக்கு உரிய கடனை வட்டியோடு அடைக்கப் போகிறோம் என்று கனத்த வரி போட்டது. வரியைத் தங்கம், வெள்ளி நாணயமாகத்தான் கட்ட வேண்டும் என்றது. ரத்தம் சிந்தியவனே தன் சீட்டை வாங்கியவனுக்கு வரியும் கட்ட வேண்டும்! இது சட்டப்படி நடந்தது, நடுவர் அவர்களே. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, முறையாக வாக்கெடுத்து, முறையாகக் கையெழுத்திட்டுச் செய்தது.

மலைப்பக்கத்து விவசாயியிடம் வெள்ளிக் காசு எங்கே இருந்தது? பிரிட்டிஷ் வியாபாரிகள் பாஸ்டன் வியாபாரிகளிடம் காசாகக் கேட்டார்கள். பாஸ்டன்காரர்கள் ஊர்க் கடைக்காரரை நெருக்கினார்கள். கடைக்காரர் விவசாயியை நெருக்கினார். விவசாயிக்குக் கீழே நெருக்க யாருமில்லை. அவன் மாட்டை ஏலம் போட்டார்கள், நிலத்தை ஏலம் போட்டார்கள், அதற்கும் தீராதபோது ஆளைக் கடன் சிறையில் அடைத்தார்கள்.

அவர்கள் எடுத்த எடுப்பில் ஆயுதம் தூக்கவில்லை. ஊர் ஊராகக் கூடி மனு எழுதினார்கள். மாவட்ட மாநாடு போட்டார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் ‘ஏரோட்டி’ என்ற புனைபெயரில் ஒரு விவசாயி பேசியது இன்றும் பதிவில் இருக்கிறது. “போரில் என் பங்குக்கு மேல் செய்தேன். ஊர் வரி, மாகாண வரி, நாட்டு வரி என்று எல்லா வரியும் என் தலையில் ஏற்றினார்கள். ஷெரிஃபும் தண்டல்காரனும் என்னை இழுத்தடித்தார்கள். என் மாடுகளை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள்” என்று போகிறது அந்தப் பேச்சு. அவர் பெயரைக்கூட வரலாறு எழுதி வைக்கவில்லை. குறையை மட்டும் எழுதி வைத்திருக்கிறது. 1786 ஜூலையில் சட்டமன்றம் அந்தக் குறைகளுக்கு எந்த வழியும் சொல்லாமல் கலைந்து போனது.

அதன் பிறகுதான், ஆகஸ்ட் 29 அன்று, நார்தாம்ப்டன் நீதிமன்ற வாசலில் சுமார் 1,500 பேர் கூடினார்கள். கொளுத்தினார்களா? நீதிபதியை அடித்தார்களா? இல்லை. நீதிமன்றம் கூடக் கூடாது என்று தடுத்தார்கள், அவ்வளவுதான். நீதிமன்றம் கூடினால் தீர்ப்பு வரும், தீர்ப்பு வந்தால் நிலம் போய்விடும். கூடாவிட்டால் குறை கேட்பவர்கள் ஆட்சிக்கு வரும்வரை நிலம் கையில் இருக்கும். அந்த விவசாயிகளின் கணக்கு அத்தனை தெளிவாக இருந்தது.

அடுத்த மாதம் கிரேட் பாரிங்டனில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நீதிமன்றத்தைக் காக்க அரசு சுமார் 1,000 உள்ளூர்ப் படையினரை அனுப்பியது. கண்ணெதிரே கூட்டம் நிற்கிறது. சுடுவதா, விடுவதா? அப்போது ஒரு யோசனை வந்தது. படையினரே முடிவு சொல்லட்டும்: நீதிமன்றம் நடக்க வேண்டும் என்பவர்கள் சாலைக்கு வலப்பக்கம், கூடாது என்பவர்கள் இடப்பக்கம். துப்பாக்கியோடு அத்தனை பேரும் நகர்ந்தார்கள். ஏறக்குறைய 800 பேர் இடப்பக்கம் போய் நின்றார்கள்! நீதிபதிகள் வீடு திரும்பினார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அந்த மண்சாலையில் நடந்ததுதான் வாக்கெடுப்பு, நடுவர் அவர்களே. அந்த ஊரில் அன்று குடியரசு எங்கே இருந்தது? மூடிய நீதிமன்றத்துக்குள்ளா, சாலையின் இடப்பக்கத்திலா?

எதிரணித் தலைவர் சாமுவேல் ஆடம்ஸை மேற்கோள் காட்டினார். மன்னராட்சியில் ராஜத்துரோகத்தை மன்னிக்கலாம், குடியரசின் சட்டத்தை எதிர்த்துக் கிளம்புபவன் சாகத்தான் வேண்டும் என்றவர் அவர். பிரிட்டிஷ் அரசை எதிர்த்து பாஸ்டன் மக்களைத் தெருவுக்கு அழைத்ததும் இதே ஆடம்ஸ்தான். தான் நாற்காலியில் உட்கார்ந்ததும் தெருவுக்குக் கதவடைத்தார். கலகத் தடைச் சட்டம் வந்தது. விசாரணையில்லாமல் சிறையில் வைக்கவும் சட்டம் வந்தது. ஆளுநர் ஜேம்ஸ் போடின் ஒரு படை திரட்டினார். அதற்கு அரசு கஜானாவில் பணமில்லை. பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் காசு போட்டுத் திரட்டிய படை, கடன் வாங்கியவர்கள் மீது பாய்ந்தது. இதற்குச் சட்டத்தின் ஆட்சி என்றா பெயர்?

1787 ஜனவரி 25. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு. தரையெல்லாம் பனி. ஷேஸின் ஆட்கள் முன்னேறி வருகிறார்கள். எதிரே நிற்பவர் ஜெனரல் வில்லியம் ஷெப்பர்ட், அவரும் விடுதலைப் போரில் பணியாற்றியவர்தான். முதல் பீரங்கிக் குண்டுகள் தலைக்கு மேலே போயின. அடுத்தவை கூட்டத்தின் நடுவில் விழுந்தன. நான்கு பேர் செத்தார்கள். பின்வரிசையிலிருந்து “கொலை! கொலை!” என்று கத்தல் எழுந்ததாக ஷெப்பர்டே தன் அறிக்கையில் எழுதினார். இரு தரப்பிலும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை என்றும் அவரே எழுதினார். நேற்றுவரை கூட நின்று போரிட்டவர்கள் நம்மைச் சுடுவார்கள் என்று அந்த விவசாயிகள் நினைக்கவே இல்லை. பிப்ரவரியில் ஆளுநர் படையின் தளபதி ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் பனிப்புயலில் இரவெல்லாம் படை நடத்தி, பீட்டர்ஷாமில் மிச்சமிருந்தவர்களைச் சிதறடித்தார். ஷேஸ் வெர்மான்ட்டுக்குத் தப்பினார்.

அங்கே கதை முடிந்தது என்றுதான் எதிரணி சொல்லும். அந்த வசந்த காலத்தில் ஆளுநர் தேர்தல் வந்தது. படை அனுப்பிய போடின், ஜான் ஹான்காக்கிடம் தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை. அவருக்கு விழுந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஹான்காக்குக்கு விழுந்தது. புதிய சட்டமன்றம் வரியைக் குறைத்தது, கடன்காரர்களுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுத்தது. ஷேஸுக்கு 1788இல் மன்னிப்புக் கிடைத்தது. மனு எழுதியபோது காது கேட்காத மன்றம், வாசலில் ஆள் நின்ற பிறகு கேட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாசசூசெட்ஸிலும் அதுதான் நடந்தது.

“சரி, அந்தக் கலகத்தைக் கண்டு பயந்துதானே அரசியல் சட்டம் வந்தது, அதை எழுதியவர்கள் தலைவர்கள்தானே” என்று சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வில் இருந்த வாஷிங்டனை, அரசியல் சட்டம் எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டுக்கு வரவழைத்ததில் ஷேஸுக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர்கள் எழுதிய காகிதத்தைப் பாருங்கள். 1787 கோடைக்காலம் முழுக்க, உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று விதி போட்டுக்கொண்டு எழுதினார்கள். செப்டம்பர் 12 அன்று வர்ஜீனியாப் பிரதிநிதி ஜார்ஜ் மேசன் எழுந்து, மக்களின் உரிமைகளைச் சொல்லும் ஒரு பட்டியலை முன்னால் சேர்க்க வேண்டும் என்றார். வந்திருந்த மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை! பேச்சுரிமை இல்லை, பத்திரிகை உரிமை இல்லை, கூடுகிற உரிமை இல்லை. நாட்டின் தலைசிறந்த மூளைகள் கூடிய அறையில் ஒரு மாநிலம்கூடக் கைதூக்கவில்லை.

அந்த உரிமைகள் பிறகு எப்படி வந்தன? ஊர்க்கூட்டங்களில், மதுக்கடைகளில், மாநில மாநாடுகளில் மக்கள் சண்டை போட்டார்கள். ஒப்புதல் தருவதா என்று முடிவுசெய்யக் கூடிய மாசசூசெட்ஸ் மாநாட்டில் அரசியல் சட்டம் 187க்கு 168 என்ற கணக்கில்தான் தப்பிப் பிழைத்தது. ஷேஸின் மேற்கு மாவட்டங்களில் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் எதிர்த்தே வாக்களித்தார்கள். திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையைச் சேர்த்த பிறகுதான் அந்தச் சிறிய வித்தியாசமும் கிடைத்தது. அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரும், உரிமைப் பட்டியல் தேவையே இல்லை என்று முதலில் இருந்தவருமான மேடிசன், வர்ஜீனியாவில் வாக்குக் கேட்டுப் போனபோது பாப்டிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவு மக்கள் மத உரிமைக்கு எழுத்தில் உறுதி கேட்டார்கள். வாக்குக் கொடுத்தார், ஜெயித்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அதற்காக அவரை வணங்குகிறேன். 1791 டிசம்பர் 15 அன்று பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. எழுதிய கை மேடிசனுடையது. எழுத வைத்தவர்கள் வாக்குச் சாவடிக்கு வந்தவர்கள்.

விஸ்கி வரிக் கலகத்தைச் சொல்லி, “வாஷிங்டனே குதிரை ஏறிப் போனார், சுமார் 13,000 பேர் படையைக் கண்டு கலகம் அடங்கியது” என்றார் எதிரணித் தலைவர். படை போனது உண்மை. ஆனால் பென்சில்வேனியாவின் மேற்கே, மலைக்கு அப்பால், மோனாங்கஹேலா ஆற்றங்கரையில், விஸ்கி என்பது குடிக்கும் சமாச்சாரம் மட்டுமா? தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோனால் சுமைகூலிக்குக் கட்டாது. காய்ச்சினால் அதே குதிரை பல மடங்கு தானியத்தின் மதிப்பைச் சுமக்கும். காசே புழங்காத ஊரில் அதுதான் கூலி, அதுதான் காசு. 1791இல் நிதியமைச்சர் ஹாமில்டன் போட்ட வரியில் பெரிய ஆலைக்காரருக்குக் கேலனுக்குக் குறைவாகவும் சிறு விவசாயிக்கு அதிகமாகவும் விழ வழியிருந்தது. வழக்கு வந்தால் சுமார் 300 மைல் தள்ளியுள்ள பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும்.

அந்த மக்கள் வரி அதிகாரிகள் உடம்பில் தாரூற்றி இறகு ஒட்டியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது கொடுமை. 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவில் வீட்டை எரித்ததும் தவறு. ஆனால் அந்த வரிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? 1802இல் ரத்தானது. தேசத் துரோகம் என்று தண்டிக்கப்பட்ட இருவரையும் வாஷிங்டனே மன்னித்தார். 1794 நவம்பரில் அவர், மக்களாகவே ஏற்படுத்திக்கொண்ட அரசியல் சங்கங்கள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் குற்றம் சாட்டியபோது எழுந்து நின்று மறுத்தவர் அதே மேடிசன்: கண்டிக்கும் அதிகாரம் அரசின் மேல் மக்களுக்குத்தான் உண்டு, மக்கள் மேல் அரசுக்கு இல்லை என்றார். எதிரணி கொண்டாடும் தலைவரே எங்கள் அணிக்கு வாதாடியிருக்கிறார்!

1798க்கு வருகிறேன். பேச்சுரிமையைக் காங்கிரஸ் பறிக்கக் கூடாது என்று எழுதி ஏழாண்டுதான் ஆகியிருந்தது. தலைவர்கள் தேசத் துரோகப் பேச்சுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அரசையோ காங்கிரஸையோ குடியரசுத் தலைவரையோ இழித்து எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. குடியரசுத் துணைத் தலைவரை மட்டும் அந்தச் சட்டம் காக்கவில்லை. ஏனென்றால் அவர் எதிர்க்கட்சி ஜெஃபர்சன். சட்டம் எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

முதலில் சிக்கியவர் வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன். அயர்லாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து மேலே ஏறியவர். குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸுக்கு ஆடம்பர வெறி என்று எழுதினார். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்மான்ட் மக்கள் என்ன செய்தார்கள்? சிறையில் இருந்தவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்! அபராதத்துக்குப் பணம் திரட்டினார்கள். சிறைக்கதவு திறந்ததும் அவர் நேராகக் காங்கிரஸுக்குப் போனார்.

பென்சில்வேனியாவில் வீட்டு வரிக்காக அதிகாரிகள் சன்னலை எண்ண வந்தபோது, ஜெர்மானியக் குடும்பத்துப் பெண்கள் மாடியிலிருந்து வெந்நீரை ஊற்றினார்கள். சிறைப்பட்டவர்களை மீட்டு வந்த ஏலக்காரர் ஜான் ஃபிரைஸுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 1800இல் ஜான் ஆடம்ஸ் மன்னித்தார், அதே ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அந்தத் தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியின் ஏரன் பர்ரும் 73க்கு 73 என்று சமமாக நின்றார்கள். முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது; அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. தலைவர்கள் 35 முறை வாக்கெடுத்தும் முடிச்சு அவிழவில்லை. 1801 பிப்ரவரி 17 அன்று 36ஆவது முறை, வெர்மான்ட்டின் மற்றொரு உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, வெர்மான்ட்டின் வாக்கை ஒருவரே போட்டார். அவர் மேத்யூ லயன். சட்டம் சிறையில் தள்ளிய மனிதரை மக்கள் மீட்டு அனுப்பினார்கள். முட்டிக்கொண்டு நின்ற குடியரசை நகர்த்தியதில் அவர் கை இருந்தது.

நேரமணி அடிக்கிறது, நடுவர் அவர்களே. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். “அப்படியானால் எல்லாக் கலகமும் வென்றதா?” என்று எதிரணித் தம்பி கேட்டார். இல்லை. பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள், அப்சலோம் ஜோன்ஸ் என்ற மதகுருவின் தலைமையில், காங்கிரஸுக்கு மனு எழுதினார்கள். தெருவில் இறங்கவில்லை, யாரையும் தடுக்கவில்லை. எதிரணி விரும்பும் வழியில், பணிவாக எழுதினார்கள். எங்களைப் பிடித்துக்கொண்டு போய் விற்கிறார்கள், இந்த வியாபாரத்தைத் தடுத்து, அடிமைகள் படிப்படியாக விடுதலையாக வழி செய்யுங்கள் என்றார்கள். 1800 ஜனவரியில் அது சபைக்கு வந்தது. எங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதைக் கேட்கும் மனுவின் இந்தப் பகுதிகளுக்கு ஊக்கமோ ஆதரவோ தரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரவு 85. எதிர்ப்பு 1.

அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் அருகே, கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் தன் மக்களைத் திரட்டி எழ நாள் குறித்திருந்தார். அன்றிரவு பெருமழை. பாலங்கள் மூழ்கின. திட்டம் அம்பலமானது. கேப்ரியலையும் சேர்த்து 26 பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்ட ஒவ்வொருவருக்கும் சட்டப்படி நஷ்ட ஈடு கொடுத்தார்கள், அவர்களுடைய எஜமானர்களுக்கு! வாக்கு இருந்தவன் தெருவில் இறங்கியபோது சட்டம் திருந்தியது. வாக்கும் இல்லாமல், தெருவும் அடைபட்டவன் 1865 வரை காத்திருந்தான்.

தலைவர்களை அவர்கள் போக்கில் விட்டால் போதும், குடியரசு பிழைத்துக்கொள்ளும் என்பது எதிரணி வாதம். அந்த 85 பேரும் தலைவர்கள்தான். படித்தவர்கள், சட்டம் அறிந்தவர்கள், அன்று அவர்களை நெருக்க வாசலில் யாரும் இல்லை. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த 85 பேருக்காக என்ன வாதாடுவார் என்று கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.